மகாராணியின் பிடரியில் ஒரு புள்ளி

கண்காட்சியில் தாட்சாயினிக்குக் கிடைத்த மேசை கழிவறைக் கதவுக்குப் பக்கத்தில் இருந்தது. அதற்காக அவள் யாரிடமும் முறையிடவில்லை. மூன்று வருடமாக மேசை கேட்டு, மூன்று வருடமும் "யோசிச்சுச் சொல்லுறம்" என்ற பதிலை வாங்கியவள் அவள். நாலாவது வருடம் இடம் தந்ததே போதும் என்று வெள்ளிக்கிழமை மாலை வேலை முடிந்த கையோடு வந்து, மேசைக்கு நீல வெல்வெட் துணி விரித்து, தன் நாற்பத்தொரு நாணயங்களையும் வரிசையாக அடுக்கினாள்.

வென்ட்வேர்த்வில் ஸ்டேஷனுக்குக் கிட்ட உள்ள அந்த மண்டபத்தில் வருடத்துக்கு ஒரு தரம், சனி ஞாயிறு இரண்டு நாளும், தமிழ் நாணயச் சேகரிப்பாளர் வட்டம் கண்காட்சி நடத்தும். சோழர் காசு, சேதுக் காசு, டச்சுக்காரரின் செப்புத் துட்டு என்று ஒவ்வொருவரும் கொண்டுவந்து வைப்பார்கள். தாட்சாயினி வைத்தவை வேறு வகை. அவளுடைய நாற்பத்தொன்றும் ரீஸ்ட்ரைக், அதாவது மறு அடிப்பு. சில நாணயச்சாலைகள் பழைய அச்சுகளை எறியாமல் வைத்திருந்து, ஐம்பது நூறு வருடம் கழித்து அதே அச்சில் மறுபடியும் அடித்துக் கொடுத்தன. வெள்ளி உண்மை, அச்சு உண்மை, அடித்த இடமும் உண்மை. முகத்தில் பொறித்திருக்கிற ஆண்டு மட்டும் அது பிறந்த ஆண்டு இல்லை.

இந்தப் பைத்தியம் அவளுக்கு மெல்பனில் பிடித்தது. ஊரிலிருந்து வந்த முதல் வருடம், ஞாயிற்றுச் சந்தை ஒன்றில், 1780 என்று பொறித்த பெரிய வெள்ளிக் காசை அறுபது டொலருக்கு வாங்கினாள். ஒஸ்திரிய மகாராணி ஒருத்தியின் தலை போட்ட காசு. மறுவாரம் ஒரு நாணயக் கடையில் காட்டியபோது கடைக்காரர் சிரித்தார். இது போன நூற்றாண்டில் அடித்தது, யாரோ உன் தலையில் கட்டிவிட்டார்கள் என்றார். அவள் காசை எறியவில்லை. மூன்று கிழமை நூலகத்தில் போய் இருந்து படித்தாள். அரேபியாவிலும் எத்தியோப்பியாவிலும் வியாபாரிகள் அந்த ஒரு காசைத் தவிர வேறு காசை நம்பாததால், அந்த மகாராணி செத்த பிறகும் இருநூறு வருடமாக, எத்தனையோ நகரங்களில், அதே ஆண்டைப் போட்டு அதை அடித்துக்கொண்டே இருந்தார்கள் என்று தெரிந்தது. காசில் பொய் இல்லை, விற்றவன் வாயில்தான் பொய் என்று அன்றைக்கு அவளுக்கு விளங்கியது. அதன் பிறகு ரீஸ்ட்ரைக்கை மட்டுமே தேடித் தேடிச் சேர்த்தாள்.

அவளுக்கு வேலை ஒரு பெரிய ஆஸ்பத்திரியில். சத்திரசிகிச்சைக் கருவிகளைக் கிருமி நீக்கிப் பொதி கட்டும் பகுதி. ஒவ்வொரு கத்தரியையும் இடுக்கியையும் விளக்குப் பூட்டிய பூதக்கண்ணாடிக்குக் கீழே பிடித்து, மயிரிழை வெடிப்பு இருக்கிறதா, துரு பிடித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பதினெட்டு வருடமாக அதைச் செய்கிற கண் அது.

நாணயங்களை அடுக்கி முடித்து, கடைசியாக ஒரு அட்டையை நிறுத்தினாள். 'மறு அடிப்பை எப்படி அடையாளம் காண்பது' என்று தலைப்பு. கீழே அவளுடைய உருண்டைக் கையெழுத்தில் ஆறு வரிகள்.

வட்டத்தின் தலைவர் கௌரிசங்கர் அந்த வழியால் வந்தவர் நின்று வாசித்தார். அறுபத்துநாலு வயது. ஸ்ட்ராத்ஃபீல்டில் வீட்டின் முன்னறையிலேயே நாணய வியாபாரம். கோயில் உபயம், பள்ளிக்கூட நிதி, எல்லாவற்றுக்கும் முதல் காசு கொடுக்கிற மனிதர். மண்டபத்தின் நடுவில் கண்ணாடிப் பெட்டி வைத்த நீளமான விற்பனை மேசை அவருடையது.

"தங்கச்சி, உந்த அட்டை தேவையோ? சனம் குழம்பும்."

"எழுதினதில பிழை இருந்தால் சொல்லுங்கோ அண்ணை, திருத்துறன்."

"பிழை எண்டில்லை."

"அப்ப இருக்கட்டும்."

அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு போனார். ஒரு துண்டு மட்டைக்கு இந்த மனிதர் ஏன் இவ்வளவு முகம் சுளிக்கிறார் என்று அவளுக்கு அப்போது பிடிபடவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் பிடிபட்டது.

நாற்பது வயதை நெருங்கிய ஒருவன் அவள் மேசைக்கு முன்னால் வெகுநேரம் நின்றான். இஸ்திரி போட்ட சட்டை, கழுவியும் போகாத கிரீஸ் கறை படிந்த நகங்கள். பெயர் அருந்தவன் என்றான். டயர்க் கடையில் வேலை. 2012இல் படகில் வந்து, இன்னும் தற்காலிக விசாவில் இருக்கிறவன். சட்டைப் பையிலிருந்து கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பெட்டி ஒன்றை எடுத்தான்.

"அக்கா, உங்கட சேகரிப்புக்குள்ள இப்பிடி ஒண்டு இருக்கோ?"

கேட்ட விதத்தில் கொஞ்சம் பெருமை இருந்தது. பெட்டிக்குள் கம்பெனிக் காலத்து வெள்ளி ரூபாய். விக்டோரியாவின் தலை, பின்பக்கத்தில் 1840. முகம் பார்க்கலாம் போலப் பளபளப்பு.

தாட்சாயினி வாங்கி விளக்குக்குக் கீழே வைத்தாள். மகாராணியின் பிடரியில், கொண்டைக்குச் சற்றுக் கீழே, கடுகில் கால்வாசி அளவில் ஒரு மேடு. விளிம்புக்குக் கிட்ட Q என்ற எழுத்திலிருந்து மயிரிழை போல ஒரு கோடு. தன் வரிசையில் இருபத்தேழாவதாக இருந்த காசை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். அதே 1840 ரூபாய். அதே பிடரி, அதே புள்ளி, அதே கோடு.

அச்சு வருடக்கணக்காகச் சும்மா கிடந்து துருப்பிடித்தால் அதில் குழி விழும். அந்தக் குழி காசில் மேடாக ஏறும். 1840இல் புதிதாக வெட்டிய அச்சில் துருப்பிடிக்க நேரம் இருந்திருக்காது. அவளுடைய காசு 1960களில் கல்கத்தாவில் ஒரு சேகரிப்பாளருக்காக அடித்துக் கொடுத்தது. அதற்கான சான்றுச் சீட்டோடு ஏலத்தில் நானூற்றிருபது டொலருக்கு எடுத்திருந்தாள்.

"இது எங்க வாங்கினது தம்பி?"

"கௌரிசங்கர் அண்ணையிட்டை. ஏழாயிரத்து எண்ணூறு."

அவள் காசையே பார்த்துக்கொண்டிருக்க, அவன் தானாகவே சொல்லத் தொடங்கினான். "நான் இஞ்ச வீடு வளவு வாங்கேலாது அக்கா. விசா எப்ப முடியும் எண்டு தெரியாது. பிடிச்சு அனுப்பினால் ஒரு பையோட தான் ஏத்துவாங்கள். இது பொக்கற்றுக்குள்ள கொள்ளும், எந்த நாட்டிலயும் விக்கலாம் எண்டு அண்ணை சொன்னவர். ரெண்டு வருசம் சேர்த்த காசு."

'நல்ல காசு தம்பி, கவனமாக வைத்திருங்கள்' என்று சொல்லி அனுப்பிவிட்டால் அவன் இன்று நிம்மதியாகத் தூங்குவான். தாட்சாயினிக்கு அந்த எண்ணம் வந்தது, வந்த வேகத்திலேயே போனது. கதிரையைத் தள்ளி அவனை இருக்கச் சொன்னாள். விளக்கை அவன் பக்கம் திருப்பி, இரண்டு காசையும் காட்டி, நடந்ததை அப்படியே சொன்னாள்.

அவன் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான்.

"வெள்ளி தானே அக்கா?"

"ஓம், சுத்தமான வெள்ளி. கள்ளக் காசு இல்லை. ஆனால் நீங்கள் குடுத்த விலை இதின்ர விலை இல்லை."

அவன் பெட்டியை மூடினான், திறந்தான், மறுபடி மூடினான். முறைப்பாடு செய்யலாம், அரசாங்கத்தில் அதற்கென்று அலுவலகம் இருக்கிறது, நான் துணைக்கு வருகிறேன் என்று அவள் சொன்னபோது மட்டும் அவசரமாகத் தலையை ஆட்டினான்.

"வேண்டாம் அக்கா. என்ர பேர் ஒரு கடுதாசியிலயும் வரக்கூடாது. கேஸ் எண்டு போனால் விசாவில என்ன எழுதுவாங்களோ தெரியாது."

"சரி, பேர் வராது. இந்தக் காசை நாளைக்கு ஒரு நாள் என்னட்டை விட்டுட்டுப் போவீங்களோ?"

அவன் யோசித்தான். பிறகு பெட்டியை வெல்வெட் துணியில் வைத்துவிட்டுப் போனான்.

கூட்டம் கலையும் நேரம் பார்த்து அவள் கௌரிசங்கரிடம் போனாள். ஆட்கள் முன்னால் கேட்க விருப்பமில்லாமல், அவரை மண்டபத்துக் குசினிக்குள் கூப்பிட்டுத்தான் கேட்டாள். அவர் தேநீரைக் கலக்கிக்கொண்டே பதில் சொன்னார்.

"பில்லில என்ன எழுதியிருக்கிறன் எண்டு பாத்தனீரோ? '1840 ரூபாய், ஒரிஜினல் அச்சில் அடித்தது'. அதில ஒரு பொய் காட்டும் பாப்பம்."

"எப்ப அடிச்சது எண்டு எழுதேல்லையே அண்ணை."

"அவன் கேக்கேல்லை."

"கேக்கத் தெரியாத ஆளுக்குத் தானே பாத்து வித்திருக்கிறியள்."

அவருடைய கரண்டி நின்றது. "தங்கச்சி, நீர் சேர்க்கிறதே கொப்பி. கொப்பி சேர்க்கிற ஆள் வந்து எனக்கு ஒரிஜினல் படிப்பிக்க வேண்டாம்."

"நான் ரீஸ்ட்ரைக்கை ரீஸ்ட்ரைக் எண்டு எழுதி வைச்சுக் கொண்டிருக்கிறன். நீங்களும் அப்பிடி எழுதி வித்திருந்தால் நான் இதுக்குள்ள வந்து நிண்டிருக்க மாட்டன். அந்தத் தம்பியின்ர காசைத் திருப்பிக் குடுங்கோ. இதோட முடிஞ்சிது."

"அந்தப் பொடியன்ர நிலைமை உமக்குத் தெரியும். விசாரணை அது இது எண்டு வந்தால் கரைச்சல் எனக்கில்லை." தேநீரை ஒரு வாய் குடித்தார். "யோசிச்சு நடவும்."

வீட்டுக்கு வந்து புருசனிடம் சொன்னாள். சிறிதரன் ரயிலில் கார்டாக இருக்கிறவன். சண்டை சச்சரவு என்றால் அடுத்த பெட்டிக்குப் போய்விடுகிற சுபாவம்.

"வேலியில போற ஓணானைப் பிடிச்சு மடிக்குள்ள விடுறீர் தாட்சா. நாளைக்கு மேய்ஸ் ஹில் கோயிலுக்குப் போனால் எல்லாற்ற முகத்திலயும் முழிக்க வேணும்."

"முழிப்பம். நாங்கள் ஏன் குனிய வேணும்?"

"அந்தாள் எவ்வளவு பேருக்கு எவ்வளவு செய்திருக்கு."

"ஆற்ற காசில?"

சிறிதரன் சோற்றைப் பிசைந்தான். அந்த நேரம் தொலைபேசி அடித்தது. வட்டத்தின் செயலாளர் யதுர்சன். முப்பத்தைந்து வயது, வங்கியில் வேலை, பயந்த குரல்.

"அன்ரி, கொமிற்றி யோசிச்சது, நாளைக்கு உங்கட மேசை வேண்டாமாம். ஒரு சின்னப் பிரச்சினைதானே, பெரிசாக்காமல் நீங்களே வரேல்லை எண்டு சொன்னால் எல்லாருக்கும் மரியாதை."

"எழுதித் தாங்கோ தம்பி. என்ன காரணம் எண்டு எழுதிக் கையெழுத்து வைச்சுத் தாங்கோ. தந்தால் வரேல்லை."

"எழுத்தில எல்லாம் எப்பிடி அன்ரி..."

"அப்ப ஒன்பது மணிக்கு நிப்பன்."

ஞாயிற்றுக்கிழமை ஒன்பதுக்கு ஐந்து நிமிடம் இருக்கப் போய் நின்றாள். கழிவறைக்குப் பக்கத்தில் மேசை இல்லை. மடித்து எங்கேயோ கொண்டுபோய் வைத்திருந்தார்கள். யதுர்சன் அவளைக் கண்டதும் கையிலிருந்த பட்டியலைக் குனிந்து வாசிக்கத் தொடங்கினான். நாணயப் பெட்டியையும் விளக்கையும் இரண்டு கையிலும் தாங்கிக்கொண்டு அவள் வெற்றுத் தரையைப் பார்த்தபடி நின்றாள். இனி இந்தப் பெட்டியோடு காருக்குத் திரும்பி நடந்தால் எல்லாரும் பார்ப்பார்கள், அது தெரிந்துதான் இதைச் செய்திருக்கிறார்கள்.

அப்போது சிறிதரன் உள்ளே வந்தான். அவளை இறக்கிவிட்டுப் போகிறேன் என்று சொல்லித்தான் கார் ஓட்டி வந்தவன். கக்கத்தில் அவர்கள் கடற்கரைக்குக் கொண்டுபோகிற மடக்கு மேசை. அதை எப்போது டிக்கியில் ஏற்றினான் என்று அவளுக்குத் தெரியாது.

"உள்ளுக்க போட விடமாட்டினம் போல," என்றான். "வாசல் நடை மண்டபத்தின்ர, வட்டத்தின்ர இல்லை. ஆரும் ஒண்டும் சொல்லேலாது."

வாசலில் மேசையை விரித்தான். உள்ளே போகிற ஒவ்வொருவரும் அதைக் கடந்துதான் போக வேண்டும். தாட்சாயினி மற்ற நாற்பதையும் பெட்டிக்குள்ளேயே விட்டுவிட்டு இரண்டே இரண்டு ரூபாயை மட்டும் பூதக்கண்ணாடிக்குக் கீழே வைத்தாள். அட்டையின் பின்பக்கத்தைத் திருப்பி எழுதினாள்.

'இரண்டும் ஒரே அச்சில், ஒரே காலத்தில் அடித்தவை. இடப்பக்கம் நான் 420 டொலருக்கு வாங்கியது. வலப்பக்கம் ஒருவர் 7,800 டொலருக்கு வாங்கியது. மகாராணியின் பிடரியைப் பாருங்கள்.'

விற்றவர் பெயர் எழுதவில்லை. எழுதத் தேவையும் இருக்கவில்லை.

முதலில் ஒருவர் குனிந்து பார்த்தார். பிறகு நாலு பேர். பத்தரை மணிக்கு வரிசை நடையைத் தாண்டிக் கார் நிறுத்துமிடம் வரை போயிற்று. சிலர் பார்த்துவிட்டு வாய் திறக்காமல் உள்ளே போனார்கள். சிலர் பார்க்காமலே, "சொந்த ஆக்களை வாசலில வைச்சு நாறடிக்கிற வேலை" என்று அவள் காதில் விழச் சொல்லிவிட்டுப் போனார்கள். கல்யாணி என்ற சென்னைக்காரப் பெண்மணி ஒருவர் மட்டும் கண்ணாடியை விட்டு நகரவில்லை.

"ஆமா, ரெண்டுலயும் அதே இடத்துல புள்ளி இருக்கு. இந்தக் கோடு கூட." நிமிர்ந்தபோது அவர் முகம் மாறியிருந்தது. "எங்க வீட்டுக்காரர் அம்பதாவது பிறந்த நாளுக்கு இதே காயின் வாங்கினேன். இதே ஊர்ல, இதே ஆள்கிட்ட. இருங்க, எடுத்துட்டு வர்றேன்."

முக்கால் மணி நேரத்தில் கொண்டுவந்தார். மூன்றாவது மகாராணியின் பிடரியிலும் அந்தப் புள்ளி இருந்தது.

அந்தச் செய்தி உள்ளே போன பிறகுதான் கௌரிசங்கர் வெளியே வந்தார். வரிசை விலகி வழிவிட்டது. அவர் சத்தம் போடவில்லை. வலப்பக்கத்துக் காசை விரலால் சுட்டிக் காட்டினார்.

"இது ஆற்ற?"

தாட்சாயினி காசுக்குப் பக்கத்தில் கையை வைத்தாள்.

"உம்மட இல்லை. அப்ப ஆற்ற? சொந்தக்காரன் பேர் சொல்லும். சொல்லேலாட்டி, களவுக் காசை வைச்சுக்கொண்டு எனக்குப் பழி போடுறீர் எண்டு நான் பொலிசுக்குப் போன் அடிக்க வேண்டி வரும்."

அவர் நல்ல இடம் பார்த்துத்தான் அடித்தார். அவளுடைய நாக்கின் நுனியில் அந்தப் பெயர் இருந்தது. சொன்னால் அவள் தப்பிவிடலாம். ஐம்பது அறுபது பேர் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"பொலிசுக்கு அடியுங்கோ அண்ணை," என்றாள். "வரட்டும். நான் இதிலயே நிக்கிறன். அவைக்கும் இந்தக் கண்ணாடிக்குள்ளால காட்டுறன்."

கௌரிசங்கர் தொலைபேசியைக் கையில் எடுத்தார். எடுத்தவர் அழுத்தாமல் நின்றார்.

வரிசையின் நடுவிலிருந்து ஒரு குரல் வந்தது. "அது என்ர."

அருந்தவன். எப்போது வந்தானோ தெரியாது, வேலை உடுப்போடு நின்றான். முன்னால் வந்து மேசையின் இந்தப் பக்கம், தாட்சாயினிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டான். மடித்த பில்லை எடுத்து விரித்து அட்டைக்கு மேல் வைத்தான்.

"என்ர காசு. நான்தான் அக்காவிட்டைக் குடுத்தனான். பில் இருக்கு."

"நீர் வடிவா யோசிச்சுத் தான் கதைக்கிறீரோ?" என்றார் கௌரிசங்கர்.

"பன்னிரண்டு வருசமா யோசிக்கிறன் அண்ணை. பயந்து பயந்து யோசிச்சுக் களைச்சுப் போனன்."

கல்யாணி தன் பில்லையும் அதன் பக்கத்தில் வைத்தார். "என் பில்லுலயும் இதே கையெழுத்துதான்," என்றார்.

கௌரிசங்கர் இரண்டு பில்லையும் பார்த்தார். ஒரு மணி நேரத்துக்கு முதல் தனக்கு வணக்கம் சொன்ன முகங்களைச் சுற்றிப் பார்த்தார். திருப்தியில்லாதவர்கள் வீட்டுக்கு வந்து கதைக்கலாம் என்று பொதுவாகச் சொல்லிவிட்டு உள்ளே போனார். பதினைந்து நிமிடத்தில் அவருடைய கண்ணாடிப் பெட்டிகளில் துணி விழுந்தது.

அவர் கடைசி வரை தவறு என்று ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் அருந்தவனுக்கு ஏழாயிரத்து எண்ணூறும் இரண்டு தவணையில் வந்து சேர்ந்தது. விசாவுக்கு ஒன்றும் ஆகவில்லை, நல்லதும் ஆகவில்லை. கல்யாணி முறைப்பாட்டுப் படிவம் நிரப்பி ஐந்து மாதம் அலைந்துதான் தன் பணத்தைப் பெற்றார். இதே காசை வாங்கிய இன்னும் இரண்டு பேர், வெளியில் தெரிந்தால் வெட்கம் என்று வாயை மூடிக்கொண்டார்கள். கோயிலில் சிலர் தாட்சாயினியைக் கண்டால் தூணுக்கு அந்தப் பக்கத்தால் போனார்கள். சிறிதரன் அதைக் கவனித்து, அவர்களுக்கு நேரே போய் நின்று கும்பிடப் பழகிக்கொண்டான்.

வட்டத்திலிருந்து கடிதம் வந்தது. இந்தத் தரம் எழுத்தில், கையெழுத்தோடு. அமைப்பின் நற்பெயருக்குப் பங்கம் விளைவித்ததற்காக எழுத்தில் மன்னிப்புக் கேட்டால் உறுப்புரிமை தொடரும் என்றிருந்தது. தாட்சாயினி அதன் அடியிலேயே பதில் எழுதித் திருப்பி அனுப்பினாள். 'கேட்க ஒன்றுமில்லை. உறுப்புரிமையை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.'

பிறகு மாநகரசபைக்குப் போய், நவம்பர் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றுக்கு அதே மண்டபத்தைத் தன் பெயரில் பதிவு செய்தாள். 'ரீஸ்ட்ரைக் கண்காட்சி. உங்கள் காசைக் கொண்டுவந்து இலவசமாகப் பரிசோதியுங்கள்' என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் அச்சடித்த தாளை ஸ்டேஷனுக்குக் கிட்ட உள்ள கடைகளில் கேட்டுக் கேட்டு ஒட்டினாள். இரண்டு கடைக்காரர் மறுத்தார்கள். ஐந்து பேர் ஒட்ட விட்டார்கள்.

இரண்டாம் நாள் யதுர்சன் தொலைபேசி எடுத்தான்.

"அன்ரி, தலைவர் கேக்கச் சொன்னவர். பரிசோதியுங்கள் எண்ட அந்த வரியை மட்டும் எடுக்க ஏலாதோ?"

"ஏலாது தம்பி."

"சரி அன்ரி. சொல்லுறன்." வைத்துவிடுவான் என்று நினைத்தாள். அவன் வைக்கவில்லை. குரலைத் தணித்து, "அன்ரி, அப்பா அவரிட்டை வாங்கின ஒரு மொகூர் வீட்டில கிடக்கு. பவுண் காசு. அதையும் பாப்பீங்களோ?" என்றான்.

"கொண்டு வாங்கோ," என்றாள் தாட்சாயினி. "பத்து மணிக்குத் திறக்கிறம். பில்லையும் மறக்காமல் எடுத்து வாங்கோ."